இடக்கையில் ஸ்வீடிஷ், வலக்கையில் காண்டனீஸ்

நீங்கள் எப்போது அந்த மொழி நிலையத்தின் மாடி ஏறிப் போனாலும், அவர் இரண்டு கைகளையும் மார்பு உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருப்பார். இடது கையில் ஸ்வீடிஷ். வலது கையில் காண்டனீஸ். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். "இதுல எழுத்து லேசு, இதுல இலக்கணம் லேசு. இதுல வாய்க்கு வேலை, இதுல காதுக்கு வேலை. நீங்களே சொல்லுங்க, எது வேணும்?" என்பார். நீங்களே சொல்லுங்க என்பதெல்லாம் ஒப்புக்குத்தான். அதற்குள் ஒரு கை மெல்லக் கீழே இறங்கியிருக்கும். கனமான தட்டில் இருப்பதுதான் நல்ல சரக்கு என்று நினைப்பது மனித சுபாவம். வந்தவரும் அந்தப் பக்கமே சாய்வார்.

அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தவர் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். படிக்கட்டுக்கு எதிரே உட்கார்ந்து மேலே பார்த்தால் கண்ணாடிக் கதவு வழியாக அந்த இரண்டு கைகள் மட்டும்தான் தெரியுமாம். மொழி நிலையத்தின் சேர்க்கை ஆலோசகர் என்பது மேசைமேல் இருக்கும் பலகை சொல்வது. தெருவுக்கு அவர் தராசுதான்.

ஒரு காலத்தில் இந்த நிலையத்தில் ஏழெட்டு மொழிகள் இருந்தன. டீச்சர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம், வெளிநாடு, சண்டை என்று கிளம்பிப் போக, கடைசியில் மிஞ்சியவை இந்த இரண்டும். ஒன்று ஐரோப்பிய மொழி, மற்றது சீனத்து மொழி; ஒன்றுக்கொன்று ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனாலும் ஒரே ப்ளைவுட் தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஸ்வீடிஷ் வகுப்பில் பாட்டுப் போல இழுத்துப் படிக்கும்போது அந்தப் பக்கம் காண்டனீஸ் வகுப்பு ஒரே அசையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். நடுவில் தராசு, தொலைபேசி, ஒரு காய்ந்த பூந்தொட்டி.

அவர் சொல்லும் ஒப்பீட்டை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். "ஸ்வீடிஷ்ல வினைச்சொல்லுக்கு வம்பே இல்ல. நாம போனேன், போனான், போனா, போச்சுன்னு மாத்திக்கிட்டே இருக்கோம்ல, அங்க எல்லாருக்கும் ஒரே போக்குதான். பெரியவர் சின்னவர்னு பாக்காம ஊருக்கே 'நீ'. ஆனா ஒவ்வொரு பொருளோட பேரும், ஆண்பால் பெண்பால் மாதிரி, ரெண்டு கட்சில ஏதாவது ஒண்ணுல இருக்கும். ஏன் இந்தக் கட்சின்னு கேக்கப்படாது, மனப்பாடம் பண்ணணும். அப்புறம் அவங்க பாஷைல ஏழுன்னு சொல்றதுக்குள்ள எதிர்ல இருக்கிற மெழுகுவத்தி அணைஞ்சிடும், அவ்ளோ காத்து!" என்று ஊதியும் காட்டுவார். பிறகு வலது கைக்கு வருவார். "இதுல வினைச்சொல் அசையவே அசையாது. அரிச்சுவடில 'ங'ன்னு ஒரு எழுத்து நமக்குச் சும்மாவே கிடக்குதே, அவங்களுக்கு 'நான்'கிற சொல்லே அதுலதான் ஆரம்பிக்குது. நம்மள மாதிரியே பேசறது ஒண்ணு, எழுதறது ஒண்ணு. நம்மள மாதிரியே பெரியப்பா வேற, சித்தப்பா வேற, மாமா வேற. அம்மாவைப் பெத்த பாட்டிக்குப் பேர் 'போ போ'. கூப்பிடறதா துரத்தறதான்னு நினைக்காதீங்க, பாசமாத்தான் கூப்பிடறாங்க." இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் 'ஸீ' என்ற ஒரே ஓசையை ஆறு விதமாகச் சொல்லிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் கையைப் படிக்கட்டுப் போல ஏற்றி இறக்குவார். "ஆறும் ஆறு வார்த்தை! பாத்துக்கோங்க."

ஆறும் அவர் வாயில் ஒரே மாதிரிதான் இருக்கும். மாறுவது கை மட்டும். இது வந்தவர்களுக்குத் தெரியாது. தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காண்டனீஸ் டீச்சருக்குத் தெரியும். அவர் நாகரிகம் தெரிந்தவர், அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எந்தக் கை இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது மொழியல்ல. வகுப்பு ஆரம்பிக்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர வேண்டும் என்று நிலையத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆள் குறைந்தால் வகுப்பு கிடையாது, சேர்ந்தவர்களும் போய்விடுவார்கள். அதனால் காலையில் முதலாளியம்மா உள்ளறைக்குப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். "சார், இன்னைக்கு இடது." அல்லது, "இன்னைக்கு வலது." அவ்வளவுதான். அன்றைக்கு இடது என்றால் காண்டனீஸ் எழுத்து காட்டுக்கொடி மாதிரி ஆகிவிடும், ஆறு ஓசையும் ஆறு பூதமாகிவிடும். வலது என்றால் ஸ்வீடிஷின் இரண்டு கட்சிகளும் தலைவலி, அங்கே குளிர் வேறு. தராசு பொய் சொல்லமாட்டார். உண்மைகளில் சிலதைக் கொஞ்சம் உரக்கச் சொல்வார், சிலதைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்வார். இது பொய்யில்லை என்றுதான் அவரும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேசத் தெரியுமா என்றால், இரண்டுமே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காண்டனீஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தார். டீச்சர் எழுப்பி ஒரு ஓசையைச் சொல்லச் சொன்னார். இவர் சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதேதான் வந்தது. பின்பெஞ்சில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே தொலைபேசி அடித்தது. எடுக்கப் போன மனிதர் திரும்பவேயில்லை. பேனா அந்த பெஞ்சிலேயே கிடந்தது, அதைக்கூட எடுக்கப் போகவில்லை. அன்றைக்குப் பிறகுதான் அவருடைய ஒப்பீட்டில் ஒரு புது வரி சேர்ந்தது. வந்தவர் கொஞ்சம் வயதானவராக இருந்தால் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க, வயசு தாண்டிட்டா இந்த ராகமெல்லாம் மண்டையில ஏறாது. ஆராய்ச்சியே இருக்கு" என்பார். எந்த ஆராய்ச்சி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம். அந்த ஆராய்ச்சிக்கு ஆளானவர் அவர் ஒருவரே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தராசின் பேண்ட் ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும். தையல் பிரிந்த இடத்தை மடித்து, அலுவலக ஸ்டேப்ளரால் சடக் சடக்கென்று அடித்துக்கொள்வார். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவருக்கு இதைத் தையக் குடுக்கத் தெரியல" என்று மனைவி அலுத்துக்கொள்வார். "நாளைக்குக் குடுத்துடறேன்" என்பார் இவர். தையல்கடை அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அந்தத் தெருவைத்தான் அவர் ஒரு வருஷமாகத் தவிர்த்து வந்தார். பஸ்ஸுக்குச் சுற்றிக்கொண்டு போவார்.

அந்தத் தையல்காரம்மா போன வருஷம் ஒருநாள் மாடி ஏறி வந்திருந்தார். கழுத்தில் இஞ்சு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டார். அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் ஸ்வீடிஷ். சின்னவள் காதலித்துக் கட்டிக்கொண்ட வீட்டில் காண்டனீஸ். இப்படி ஒரு குடும்பம் தன்னைத் தேடி வரும் என்று தராசே எதிர்பார்க்கவில்லை. இரண்டு கைகளும் தானாக மேலே போயின.

"பெரியவ வீட்ல கவலை இல்ல சார். மாப்பிள்ளை நம்ம பாஷைதான், பேத்தியும் நல்லாப் பேசுவா. சின்னவளுக்கு மாசம் ஆகுது. நான்தான் போய் இருந்து பாத்துக்கணும். மாப்பிள்ளை வேலைக்குப் போயிடுவார். வீட்ல சம்பந்தியம்மாவும் நானும்தான். அவங்களுக்கு அவங்க பாஷை தவிர ஒண்ணும் தெரியாது. நாலு வார்த்தை பேசத் தெரிஞ்சா போதும் சார். ரெண்டையும் படிக்க எனக்கு நேரம் இல்ல. எதைப் படிக்கட்டும்?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. எடை போடவே தேவையில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் முதலாளியம்மா சொல்லிவிட்டுப் போனது இடது. ஸ்வீடிஷுக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது. இவர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும்.

தராசு குரலைத் தாழ்த்தினார். ராகம் ஏறாது என்றார். ஆராய்ச்சி என்றார். பெரியவள் வீட்டுப் பேத்தி நாளைக்கு வளர்ந்து அந்த ஊர்ப் பாஷைதானே பேசும், அப்போது உதவும் என்றார். சம்பந்தியம்மாவிடம் சிரித்துச் சைகை காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம், பெண்களுக்கு அதெல்லாம் சொல்லியா தர வேண்டும் என்றுகூட வாய் கூசாமல் சொன்னார். இடது கை மேசையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. தையல்காரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அத்தோடு போயிருந்தால் தராசு அதை மறந்திருப்பார். எத்தனையோ பேரை அந்தக் கையால் தள்ளியவர்தான். வகுப்பு ஆரம்பித்து கொஞ்ச நாளில் ஸ்வீடிஷ் டீச்சர் டீ குடிக்க வெளியே வந்தவர், "சார், அந்தத் தையல்காரம்மாவுக்கு என்ன காது! இந்தப் பாஷைல ரெண்டு சுருதி இருக்குல்ல, அதைப் பிடிக்க மத்தவங்க மாசக்கணக்கா முக்குறாங்க. அவங்க முதல் நாளே பிடிச்சுட்டாங்க" என்றார். தராசு டீயை விழுங்கினார். அதோடு சேர்த்து இன்னொன்றையும் விழுங்கினார். அப்போதாவது அந்தம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் காது நல்ல காது, தட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தப் பக்கம் ஆள் குறையும். அது மட்டுமா? தனக்கு ஏறாதது ஒரு தையல்காரிக்கு ஏறிவிடும் என்பதும் உள்ளே எங்கேயோ குத்தியது. சொல்லவில்லை. அந்தம்மா ஸ்வீடிஷில் வாரநாட்களின் பெயரையும் காய்கறிகளின் பெயரையும் கற்றுக்கொண்டு, காண்டனீஸ் வீட்டுக்கு விமானம் ஏறினார். தையல்கடைக்குப் பூட்டு. தராசின் பேண்டுக்கு ஸ்டேப்ளர் பின்.

போன வாரம் அவர் மறுபடி மாடி ஏறி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் தலை தெரிந்ததும் தராசுக்கு எழுந்து உள்ளறைக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. தொலைபேசியைப் பார்த்தார். அது அன்றைக்கு அடிக்கவில்லை.

"நல்லா இருக்கீங்களா சார்?" என்று உட்கார்ந்தார். பையிலிருந்து பேரன் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கொழுகொழுவென்று ஒரு குழந்தை, முஷ்டியை முறுக்கிக்கொண்டு. "என்னைப் போ போன்னுதான் கூப்பிடுவானாம். நீங்க சொன்னப்போ சிரிச்சேன். இப்போ எனக்கே அந்தப் பேரு."

தராசு படத்தைப் பார்த்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். கண்ணை நிமிர்த்தவில்லை.

அந்தம்மா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "பொண்ணை முன்னாடியே ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க சார், ரத்தக்கொதிப்புன்னு. வீட்ல சம்பந்தியம்மாவும் நானும். தங்கமான மனுஷி. தினம் காலைல என் ரூம் வாசல்ல நின்னு 'சிக் சோ ஃபான் மெய்'ம்பாங்க. என்னமோ சொல்றாங்களேன்னு நான் சிரிச்சுத் தலையாட்டுவேன். அவங்க சரின்னு சோத்துப் பாத்திரத்தை மூடிடுவாங்க. வயிறு கிள்ளும். அப்புறமாத்தான் பொண்ணு சொன்னா, சாப்டாச்சான்னு கேட்டிருக்காங்க. நம்ம வீட்ல கேக்கற மாதிரியே! நான் ஆச்சு ஆச்சுன்னு தலையாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தராசுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒருநாள் மத்தியானம் போன் வந்துது. அந்தம்மா எடுத்தாங்க. பேசிக்கிட்டே அடுக்களைத் தரைல அப்படியே உக்காந்துட்டாங்க. கண்ணுல தண்ணியா ஊத்துது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொல்றாங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு சார். அப்புறம் கையை இப்படி ஆட்டிக் காட்டினாங்க, குழந்தையைத் தாலாட்டற மாதிரி. சரி, குழந்தை பொறந்துடுச்சு. என் பொண்ணு? அதைக் கேக்கணும் எனக்கு. கேக்க ஒரு வார்த்தை இல்ல. என் நெஞ்சுல கை வெச்சுக் காட்டறேன், வயித்தைத் தொட்டுக் காட்டறேன். அவங்க மறுபடி மறுபடி தாலாட்டியே காட்டறாங்க. மாப்பிள்ளைக்கு அடிச்சா எடுக்கல. பொழுது சாயற வரைக்கும் அழுதுக்கிட்டே உக்காந்திருந்தேன். அவங்களும் அழறாங்க. அவங்க சந்தோஷத்துல அழறாங்க, நான் பொண்ணு போயிட்டான்னு அழறேன். அப்புறம்தான் மாப்பிள்ளை வந்து, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு சொன்னார்."

தராசின் காது மடல் சூடாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. சைகை காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதானே சொன்னார்.

"உங்க மேல குத்தம் சொல்லல சார்" என்றார் தையல்காரம்மா. "நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க, இந்த வயசுல ஏறாதுன்னு. மக்கு மண்டை என்னோடது. ஆனா அடுத்த மாசம் மறுபடி போகணும். அதான் கேக்க வந்தேன். ஏறாட்டியும் பரவாயில்ல, அந்த கிளாஸ்ல ஓரமா உக்காந்துக்கட்டுமா? யாருக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

இதுதான் அவரை அடித்துப்போட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தம்மா அவர் சொன்ன புளுகை ஒரு வருஷம் தன் தலையில் சுமந்து, கடல் தாண்டிப் போய், அந்த அடுக்களைத் தரையில் உட்கார்ந்தபோதும் தன்னையே மக்கு என்று நினைத்துக்கொண்டு, திரும்பவும் அவரிடமே அனுமதி கேட்டு வந்து நிற்கிறார்.

சங்கடம் என்னவென்றால், அன்றைக்குக் காலை முதலாளியம்மா சொல்லிவிட்டுப் போனது வலது. காண்டனீஸுக்கு ஆள் குறைந்தது. வாங்கம்மா, உங்களுக்கு நல்லா வரும் என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான், வியாபாரமும் அதுதான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போவார். ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது.

"வரும்மா. உங்களுக்கு நல்லாவே வரும்" என்றார். பாதித் தப்பு தீர்ந்தது போல இருந்தது.

"அப்போ அன்னைக்கு ஏறாதுன்னீங்களே?"

கேட்டது சந்தேகத்தில் அல்ல, நிஜமாகவே தெரியாமல்தான். தராசு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆராய்ச்சியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எனக்கு ஏறல. கிளாஸ்ல சிரிச்சாங்க, எழுந்து வந்துட்டேன். அதை உங்க தலையில கட்டினேன். அன்னைக்கு ஸ்வீடிஷ்ல ஒரு ஆள் குறைஞ்சுது. அதுக்குத்தான் உங்களை அங்க தள்ளினேன்." மூச்சு வாங்கியது. "உங்க காது நல்ல காதுன்னு டீச்சர் அப்பவே சொன்னாங்க. அதையும் உங்ககிட்ட சொல்லல. வெக்கமா இருக்கும்மா."

தையல்காரம்மா பேரன் படத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் ஒருதரம் துடைத்து, பைக்குள் வைத்தார். பார்வை மேசைக்குக் கீழே போனது, அவர் பேண்ட் ஓரத்து ஸ்டேப்ளர் பின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. தையல்காரர் கண்ணுக்கு அது தப்புமா? காலை உள்ளே இழுத்துக்கொண்டார் தராசு.

"அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேணும் சார். என் பொண்ணு எப்படி இருக்கா. அவ்ளோதான். அதைக் கேட்டிருப்பேன்ல?"

நல்லவேளையோ கெட்டவேளையோ, தட்டிக் கதவைத் திறந்துகொண்டு காண்டனீஸ் டீச்சர் வெளியே வந்தார். தையல்காரம்மா எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "சிக் சோ ஃபான் மெய்?" எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறி, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது.

"சிக் சோ லா", சாப்பிட்டாச்சு என்று டீச்சர் நடந்தபடியே பதில் சொல்லிவிட்டார். இரண்டடி போன பிறகுதான் உறைத்தது போல. நின்றார், திரும்பினார். "யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

"என் சம்பந்தி" என்றார் தையல்காரம்மா.

டீச்சர் அவர் தோளைத் தொட்டு வகுப்பை நோக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

அதே நேரம் படியேறி ஒரு நர்ஸ் பெண் வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். "சார், ஸ்வீடிஷா, காண்டனீஸா, ரெண்டுல எது ஈஸி?"

உள்ளறையிலிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு ஆள் சார். வலது."

வகுப்பின் கதவில் கை வைத்தபடி தையல்காரம்மா நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தார்.

தராசின் கைகள் பழக்கதோஷத்தில் மேசைக்கு மேலே கிளம்பிவிட்டன. பாதி வழியில் அவற்றை அவரே பார்த்தார். "வாங்கம்மா. அங்க போய் யார்கிட்ட பேசணும் உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.